நீண்ட வாழ்வும் குறுகிய நினைவும்: போர்க்கால மலாயாத் தமிழர் தலைமுறையை நினைவுகூர்தல்

முன்னுரை

1943ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் சிங்கப்பூர் கத்தே அரங்கில் சுபாஷ் சந்திர போஸ் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஏற்றார். அன்று பதினாறு முதல் இருபத்தைந்து வயதுக்குள் இருந்த மலாயாத் தமிழர் பலர் அவருடைய அழைப்பை ஏற்று இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் அச்சேவை முடிவுக்கு வந்தது. ஆக மொத்தம் ஏறத்தாழ 25 மாதங்கள். போரிலிருந்து உயிருடன் திரும்பியோருள் பலர் அதன் பின்னும் ஐம்பது, அறுபது ஆண்டுகள் வாழ்ந்தனர். கடை வைத்தனர், பால்மரம் சீவினர், பள்ளிகளில் கற்பித்தனர், கோயில் திருப்பணியிலும் தேவாலயப் பணியிலும் ஈடுபட்டனர், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினர்.

இந்நீண்ட வாழ்வு எவ்வாறு நினைவுகூரப்படுகிறது என்பதே இக்கட்டுரையின் வினா. இக்கட்டுரையாளர் தம் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் வாய்மொழி வரலாற்றுப் பயிற்சி ஒன்றைத் தருவதுண்டு. குடும்பத்திலோ அண்டை அயலிலோ உள்ள முதியவர் ஒருவரின் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். மாணவர் ஒப்படைக்கும் ஏடுகளில் ஓர் ஒழுங்கு மீண்டும் மீண்டும் தென்படும். பிறப்பு அரைப்பக்கம், ஜப்பானியர் காலம் ஆறு பக்கம், அதன்பின் ஒரே வரியில் முதுமை. ஒருமுறை மளிகைக் கடைக்காரர் ஒருவரின் ஒலிப்பதிவைக் கேட்க நேர்ந்தது. பெரியவர் தம் கடையைப் பற்றிப் பேச்செடுக்கும் போதெல்லாம் மாணவர், “அது இருக்கட்டும் தாத்தா, நேதாஜியைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று இடைமறித்தார். பெரியவரும் ஒவ்வொரு முறையும் பணிந்து நேதாஜியிடம் திரும்பினார். அவர் சொல்ல விரும்பிய வரலாறு பதிவாகவில்லை.

சமய நம்பிக்கை, குடும்பம், வணிகம் ஆகிய மூன்றும் போர்ச் சேவையின் பின்புலம் மட்டுமல்ல. அச்சேவைக்கு இசைவளித்தவையும் பொருளளித்தவையும் அதன் விலையைப் பின்னாளில் செலுத்தியவையும் அவையே. அவற்றை நீக்கிவிட்டுப் போரை மட்டும் நினைவுகூரும்போது போரும் சரியாகப் புலப்படுவதில்லை. இக்கருத்தைச் சில சான்றுகள் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

வணிகமும் வழிபாடும்

போருக்கு முந்திய மலாயாவில் தமிழர் வணிகமும் வழிபாடும் வெவ்வேறு வட்டங்களாக இயங்கவில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. சிங்கப்பூர் மார்க்கெட் வீதியில் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூரையின் கீழ்ப் பல வட்டிக்கடைகள் இயங்கின. ஒவ்வொரு கடைக்கும் ஒரு கைப்பெட்டியும் கணக்கேடுகளும் தரையில் விரித்த இடமுமே முதல். முதலாளியின் சார்பில் கடையை நடத்தும் மேலாள், அவருக்கு அடுத்தநிலையில் அடுத்தாள், எடுபிடி வேலைகளுக்குப் பெட்டியடிப் பையன் என்று பணியாளர் வரிசை அமைந்திருந்தது. மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் வந்து திரும்புவார். மனைவி மக்கள் செட்டிநாட்டில் இருப்பர்.

இவ்வணிகத்தின் மையத்தில் முருகன் இருந்தான். 1859இல் நிறுவப்பட்ட டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில் வழிபாட்டிடமாகவும் அச்சமூகத்தின் பொது மன்றமாகவும் விளங்கிற்று. வட்டி விகிதம் குறித்து நகரத்தார் கூடி முடிவெடுப்பது கோயிலில்தான். வணிகத்தின் ஒரு பகுதி மகமையாகக் கோயிலுக்குச் சென்றது. ஏட்டின் தலைப்பில் ‘சிவமயம்’ என்று எழுதிய பிறகே வரவு செலவு தொடங்கும். நகரத்தார் மட்டுமன்றி, சிராங்கூன் சாலையின் மளிகை, துணி வணிகரும், பினாங்கின் தமிழ் முஸ்லிம் வணிகரும் தத்தம் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் சார்ந்தே தம் நாணயத்தை நிலைநாட்டினர். ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிப்பது இவ்விடத்தில் நோக்கத்தக்கது.

இவ்வணிகரின் கடைகளில் வேலை செய்த இளைஞர்களே பின்னர்ச் சீருடை அணிந்தனர் என்பதைத் தமிழ் இலக்கியமும் பதிவு செய்துள்ளது. இளமையில் இந்தோனேசியாவின் மேடானில் பணியாற்றிய ப. சிங்காரம் 1972இல் வெளியிட்ட ‘புயலிலே ஒரு தோணி’ நாவலில், வட்டிக்கடையில் பணியாற்றிய பாண்டியன் படைவீரனாகிறான். ஏடு பழகிய கை துப்பாக்கி பிடித்ததை நம் வரலாற்று நூல்களைவிட இந்நாவல் நுட்பமாகக் காட்டுகிறது எனலாம்.

டேங்க் சாலைக் கோயிலில் நிகழ்ந்தது

சமயம், வணிகம், போர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1943ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நகரத்தார் தம் டேங்க் சாலைக் கோயிலுக்கு வருமாறு போஸை அழைத்தனர். எல்லாச் சாதியினருக்கும் எல்லாச் சமயத்தாருக்கும் இடமில்லாத கோயிலுக்குத் தாம் வர இயலாது என்று அவர் மறுத்தார். பின்னர் அந்நிபந்தனையைக் கோயிலார் ஏற்றனர். சீருடை அணிந்த அதிகாரிகள் சூழ அவர் கோயிலுக்குச் சென்றார்; இந்துக்களுடன் முஸ்லிம்களும் பிறரும் உள்ளே சென்றனர். அவர்களுள் ஒருவர் ஆபித் ஹசன். ஹைதராபாத்தைச் சேர்ந்த முஸ்லிமான இவர், 1943இல் போஸுடன் நீர்மூழ்கிக் கப்பலில் ஆசியா வந்தவர். இந்நிகழ்ச்சியைப் பின்னாளில் எழுத்தில் வடித்தவரும் அவரே.

மதுரை மீனாட்சி கோயிலில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலையில். அதற்கு நான்கே ஆண்டுகளுக்குப் பின், கடல் கடந்த ஊரில், தனியொரு வணிகச் சமூகத்தின் கோயில் பிற சமயத்தாருக்கும் திறந்தது என்பது சிறிய செய்தி அன்று.

இந்நிகழ்ச்சி வழக்கமாகப் போஸின் சமயச் சார்பின்மைக்குச் சான்றாகவே கூறப்படுகிறது. அது சரியே. எனினும் கதவைத் திறந்தவர் பக்கத்திலிருந்தும் இதனை நோக்குதல் வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் காத்த வழக்கத்தை அவர்கள் அன்று தளர்த்தினர். அதில் பக்தியும் நாட்டுப்பற்றும் இருந்தன, நெருக்கடியும் இருந்தது. அதே மாதங்களில் செல்வர்களின் சொத்து மதிப்பிடப்பட்டு, விடுதலை நிதிக்கு அவரவர் தரவேண்டிய பங்கு வற்புறுத்திப் பெறப்பட்டது. தயங்கியோருக்குக் கடும் எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. மனமுவந்து கொடுத்தவர், அஞ்சிக் கொடுத்தவர், இரண்டும் கலந்த நிலையில் கொடுத்தவர் எனப் பலரும் அவ்வணிகரிடையே இருந்தனர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று இம்மூன்றையும் ‘நன்கொடை’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றனர்.

குடும்பத்தின் இசைவு

1943 அக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூர் வாட்டர்லூ வீதியில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கப்பட்டது. சென்னையிலிருந்து 1940இல் சிங்கப்பூர் வந்து மருத்துவராகப் பணியாற்றிய லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். படையிற் சேர்ந்தோரின் எண்ணிக்கை குறித்து ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அவர்களுள் பெரும் பகுதியினர் மலாயாவில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் என்பதிலும், தோட்டப்புறத்திலிருந்து வந்தோர் பலர் என்பதிலும் ஐயமில்லை.

ஒரு பெண் படையில் சேர்வது அன்று அவளுடைய தனி முடிவாக அமைய இயலாது. கோலாலம்பூரில் 1925இல் வசதியான குடும்பத்தில் பிறந்த ஜானகி, போஸின் உரையைக் கேட்டுத் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். பின்னர்ப் படையிற் சேர விரும்பினார். தந்தையார் கடுமையாக எதிர்த்தார். நெடிய பேச்சுக்குப் பின்னரே இசைந்தார். பதின்ம வயதிலேயே படையிற் சேர்ந்து பர்மா சென்ற இராசம்மா, மெதடிஸ்ட் கிறிஸ்தவ மரபில் வளர்ந்தவர். அக்காள் தங்கை இருவரையும் ஒருசேர அனுப்பியது அவர்கள் குடும்பம். இவ்விரு குடும்பங்களின் சமயம் வேறு. ஆனால் இரு வீடுகளிலும் படைமுகாமுக்குச் செல்லும் வழி வீட்டுக் கூடத்தின் வழியாகவே சென்றது. மகளை அனுப்பிய பெற்றோரின் துணிவுக்குப் பதக்கம் இல்லை. அதனைக் குறித்த ஆவணமும் அரிது.

தோட்டப்புறக் குடும்பங்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1942 அக்டோபர் முதல் ஓராண்டுக் காலம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் ரயில் பாதை அமைத்தனர். மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டப்புறத் தமிழர். காலரா, மலேரியா, பட்டினி ஆகியவற்றால் பல்லாயிரவர் மாண்டனர். அப்பாதைக்கு இழுத்துச் செல்லப்படாமல் தப்பும் வழியாகவும் சிலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர் என்பதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். ஒரே லயத்தில் ஒருவன் படைவீரனாகவும் அவன் அண்ணன் ரயில் பாதைக் கூலியாகவும் சென்றிருக்கலாம். இன்று முன்னவனைத் தியாகியாக நினைவுகூர்கிறோம். பின்னவனைப் பெயரின்றி ஓர் எண்ணிக்கைக்குள் அடக்கிவிடுகிறோம். அவர்களுடைய தாய்க்கு இருவரும் போருக்குப் போன பிள்ளைகளே.

வாழைமர நோட்டும் தங்கமும்

போர்க்கால வாழ்வைப் பொருளியல் நோக்கில் அணுகாமல் புரிந்துகொள்ள இயலாது. ஜப்பானிய நிர்வாகம் வெளியிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்ததால் மக்கள் அதை வாழைமர நோட்டு என்றனர். தேவைக்கேற்ப அச்சிட்டுத் தள்ளப்பட்டதால் அதன் மதிப்பு மாதந்தோறும் சரிந்தது. அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று.

வட்டித்தொழில் செய்தோரை இது வேரோடு அசைத்தது. போருக்கு முன் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை, கடன்பட்டோர் மதிப்பிழந்த தாளைக் கொண்டு அடைத்தனர். ஆளும் படையின் நோட்டை வாங்க மறுப்பது ஆபத்தானது. எனவே வணிகர் வாங்கினர். அடமானப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தனர். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் அத்தாள்கள் செல்லாக் காசாயின. இவ்வாறு அடைக்கப்பட்ட கடன்கள் அடைந்தனவா இல்லையா என்னும் வழக்குகளைத் தீர்க்க 1948இல் மலாயாவில் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆக்கிரமிப்புக் கால நோட்டின் மதிப்பு காலப்போக்கில் குறைந்து வந்ததை அட்டவணைப்படுத்தி, அதன்படி கணக்கிடுவது அச்சட்டத்தின் வழிமுறைகளுள் ஒன்று. ஒரு தலைமுறையின் இழப்பு அட்டவணையாகச் சுருங்கியது.

நோட்டு மதிப்பிழந்த காலத்தில் மதிப்புக் குன்றாதிருந்தது தங்கமே. தமிழ்க் குடும்பத்தில் தங்கம் பெரும்பாலும் பெண்ணின் சீதனம். மகளின் திருமணத்துக்கும் மகனின் தொழிலுக்கும் வைத்த முதல். கூட்டங்களில் பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தபோது, அக்குடும்பம் கொடுத்தவற்றுள் உண்மையான மதிப்புடையது அதுவே. போருக்குப் பின் கடையை மீண்டும் திறக்கவோ மகளை மணமுடிக்கவோ முயன்ற குடும்பத்துக்கு அந்தத் தங்கம் கையில் இல்லை. போர்ச் சேவையின் நீண்டகாலச் செலவைக் குடும்பப் பெண்களே மிகுதியாக ஏற்றனர் என்று கருத இதனால் இடமுண்டு. மேடை நிகழ்ச்சியாகவே நாம் நினைவில் வைத்திருக்கும் நகைக் கொடை, குடும்பக் கணக்கில் இருபது ஆண்டுச் சிக்கனமாகத் தொடர்ந்திருக்கும்.

1945க்குப் பின்: பேசாத ஆண்டுகள்

எஸ்பிளனேடில் இந்திய தேசிய இராணுவ நினைவுச் சின்னத்துக்கு 1945 ஜூலை 8ஆம் நாள் போஸ் அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பிய பிரிட்டிஷார் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். அவ்விடத்தில் நினைவுப் பலகை நிறுவப்பட்டது 1995இல்தான். இடைப்பட்ட ஐம்பதாண்டு மௌனம் கல்லுக்கு மட்டும் உரியதன்று, மனிதருக்கும் உரியது. எந்த அரசை எதிர்த்துப் படை திரட்டினார்களோ அதே அரசின்கீழ் 1957 வரை இவர்கள் மலாயாவில் வாழ வேண்டியிருந்தது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின், ஆயுதப் பயிற்சி பெற்ற கடந்த காலத்தைப் பேசுவது பாதுகாப்பானதாக இருந்திருக்க முடியாது. தாத்தா ஏன் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை என்று வியக்கும் மாணவர்க்கு இப்பின்னணியை ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும்.

மௌனம் செயலின்மை ஆகாது. 1946 மார்ச்சில் ஜவகர்லால் நேரு மலாயா வந்தார். அவ்வாண்டு வந்த காங்கிரஸ் மருத்துவக் குழுவுடன் ஜானகி பணியாற்றினார். 1946 ஆகஸ்டில் ஜான் திவியின் தலைமையில் மலாயா இந்தியக் காங்கிரஸ் தோன்றியபோதும் அவர் துணை நின்றார். கெடாத் தோட்டங்களில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தது. அதன் அணிவகுப்பிலும் ஒழுங்கிலும் போர்க்காலப் பயிற்சியின் தாக்கம் தெளிவாகத் தெரிந்தது. துப்பாக்கி இல்லாத அப்படை, குடும்பத்தின் கூலி கள்ளுக்கடைக்குப் போவதைத் தடுக்க முயன்றது.

இராசம்மாவின் பிற்கால வாழ்வும் இவ்வகையில் கருதத்தக்கது. மணமான பின் இராசம்மா பூபாலன் என அறியப்பட்ட இவர் ஆசிரியரானார். 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவி, ஆணுக்கு நிகரான ஊதியம் கோரிப் போராடினார். 1963இல் தேசிய மகளிர் அமைப்புகள் மன்றத்தின் தோற்றத்திலும் பங்கு கொண்டார். கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். 2007இல் வரலாற்றாசிரியர் அருணா கோபிநாத் அவருடைய வாழ்க்கை வரலாற்றை நூலாக்கினார். படையில் இருந்த காலத்தைவிடச் சங்கத்திலும் பள்ளியிலும் கிறிஸ்தவ மகளிர் பணியிலும் அவர் செலவிட்ட காலம் பன்மடங்கு நீண்டது. சம ஊதியத்துக்காக நின்ற பெண்ணின் உறுதியைப் பர்மாவில் இருந்த பெண்ணிடமிருந்து பிரித்துவிட இயலுமா? 2000இல் பத்மஸ்ரீ விருது பெற்ற ஜானகி ஆதிநாகப்பன் 2014இல் தம் 89ஆம் வயதில் மறைந்தார். அந்த 89 ஆண்டுகளையும் 25 மாதங்களாகச் சுருக்குவது அவரைப் போற்றுவதாகாது.

இவ்விருவரும் படித்தவர்கள், பொதுவாழ்வில் நின்றவர்கள். ஆகவே அவர்களுடைய பிற்கால வாழ்வுக்கு ஏடுகள் உள்ளன. லயத்திற்குத் திரும்பிய பெண்ணுக்கும், சிறு மளிகைக் கடை வைத்த முன்னாள் வீரருக்கும் அவ்வாய்ப்பு இல்லை. நம் பணி அங்கேதான் தொடங்குகிறது.

பதிவு செய்யும் முறை

சிங்கப்பூரில் 1979இல் தொடங்கப்பெற்ற வாய்மொழி வரலாற்றுப் பணி, ஜப்பானிய ஆட்சிக்காலம் பற்றிய நேர்காணல்களைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் சேர்த்துள்ளது. அது பெரும்பேறு. ஆயினும் ஒரு காலகட்டத்தை மையமிட்டுக் கேட்கும் நேர்காணல் முழு வாழ்வையும் தராது. தமிழாசிரியர்கள் மேற்கொள்ளக்கூடிய சில வழிகளை இங்குக் குறிப்பிடலாம்.

முதலாவதாக, கேள்வியின் வரிசையை மாற்றலாம். “போரில் என்ன செய்தீர்கள்?” என்பதற்கு முன் “முதல் கடைக்கு முதல் எங்கிருந்து வந்தது?”, “வீட்டில் எந்தச் சாமி கும்பிட்டார்கள்?”, “திருமணத்துக்கு யார் வந்தார்கள்?” என்று கேட்கலாம். போர்க்காலச் செய்தி தானாக வந்து சேரும். தனக்குரிய இடத்தில் வந்து சேரும்.

இரண்டாவதாக, நினைவைச் சான்றுடன் ஒப்பிடுதல் வேண்டும். போஸ் தம் பொதுக்கூட்டங்களில் இந்துஸ்தானியில் பேசினார். மேடையிலேயே அது தமிழாக்கம் செய்யப்பட்டது. அவர் தமிழில் பேசியதாகவே ஒரு முதியவர் உறுதியாகக் கூறுவாரானால், அதைப் பிழையெனத் தள்ளிவிடலாகாது. அவருடைய உள்ளத்தை எட்டியது தமிழாக்கம் என்பதற்கு அதுவே சான்று. பிழையான நினைவும் ஒரு வரலாற்றுச் செய்தியைச் சுமந்து வரும்.

மூன்றாவதாக, வீட்டிலுள்ள எளிய ஆவணங்களைப் பேணுதல் வேண்டும். கடையின் பேரேடு, அடகுச் சீட்டு, கோயில் நன்கொடை ரசீது, திருமண அழைப்பிதழ், திருமுழுக்குச் சான்றிதழ், கருமக்கிரியைப் பத்திரிகை ஆகியவற்றைப் பழைய தாள் என எறிந்துவிடுகின்றனர். சீருடைப் புகைப்படத்தைச் சட்டமிட்டு மாட்டும் அதே வீட்டில் பேரேடு கரையானுக்கு இரையாகிறது. அப்படம் ஒரு நாளைக் காட்டும். பேரேடு நாற்பது ஆண்டுகளைக் காட்டும்.

முடிவுரை

1943இல் பதினெட்டு வயதில் படையிற் சேர்ந்தவர் இன்று உயிருடன் இருப்பின் நூறு வயதை எட்டியிருப்பார். அத்தலைமுறையிடம் நேரில் கேட்கும் வாய்ப்பு ஏறத்தாழ முடிந்துவிட்டது. எஞ்சியிருப்போர் அவர்களுடைய பிள்ளைகள். அவர்களுக்கு அறுபது, எழுபது வயதாகிறது. தந்தை கடை திறந்த ஊர், தாய் கழற்றிக் கொடுத்த சங்கிலி, பிரார்த்தனை செய்துகொண்ட கோயில், மாதா கோயிலில் ஏற்றிய மெழுகுவர்த்தி, திரும்பி வராத பெரியப்பா ஆகியவை அவர்களிடம் துண்டு துண்டாக உள்ளன. அவற்றையும் இழந்துவிட்டால் நம் கையில் மிஞ்சுவது சீருடை அணிந்த ஒரு படமும் அதன் கீழ் ஓர் ஆண்டும் மட்டுமே.

அந்த மளிகைக் கடைக்காரரின் ஒலிப்பதிவில், கேள்விகள் முடிந்து கருவியை நிறுத்தும் முன் பெரியவர் ஒரு வாக்கியம் சொல்லத் தொடங்குகிறார்: “கடை திறந்த அன்றைக்கு…” பதிவு அங்கே அறுந்துவிடுகிறது. அவர் இன்று இல்லை. அவ்வாக்கியத்தை முடித்து வைப்பது இனி எவராலும் இயலாது. அடுத்த பெரியவரின் வாக்கியம் முடியும் வரை கேட்டிருக்க நம் மாணவர்களைப் பழக்குவது மட்டும் இன்னும் நம்மால் இயலும்.